வைகுண்டம் போன பள்ளி வாரியம்

சான் பிரான்சிஸ்கோ பள்ளி வாரியத்தின் மூன்று உறுப்பினர்களை 2022 பிப்ரவரி 15 அன்று அந்நகர மக்கள் வாக்களித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அது சமூகநீதிக்கு விழுந்த அடி என்று கண்ணீர் மல்க எழுதப்பட்ட கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபம் வந்தது. இரண்டாம் முறை, கட்டுரையாளர் அந்த வாரியத்தின் ஒரு கூட்டக் குறிப்பைக்கூடப் புரட்டாமலே தீர்ப்பு எழுதியிருக்கிறார் என்பது புரிந்தது. கோபம் போய்விட்டது. எழுதும் ஆசைதான் மிஞ்சியது.

அவர் சொல்வதன் சாரம் இது. பணக்காரர்களும் வலதுசாரிகளும் காசைக் கொட்டினார்கள். மதிப்பெண் மோகம் பிடித்த ஆசியப் பெற்றோர் மயங்கினார்கள். நிறவெறியை எதிர்த்து நின்ற வெள்ளையரல்லாத மூவர் பலியானார்கள். இத்தோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். தமிழ் வாசகருக்கென்று அவர் தனியாக ஒரு தாளிப்பும் போடுகிறார்: லோவல் உயர்நிலைப் பள்ளியில் மதிப்பெண் அடிப்படையிலான சேர்க்கையை வாரியம் ஒழித்தது நம் இடஒதுக்கீட்டுக்கு நிகரானதாம், அதை எதிர்த்தவர்கள் நம்மூர் இடஒதுக்கீட்டு எதிர்ப்பாளர்களின் பங்காளிகளாம்.

நான் இடஒதுக்கீட்டை ஆதரிப்பவன். அதனால்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் வலதுசாரிச் சதி. 2020 அதிபர் தேர்தலில் சான் பிரான்சிஸ்கோவில் பைடன் பெற்றது ஏறத்தாழ 85 சதவீதம். 2021 செப்டம்பரில் கலிபோர்னியா ஆளுநர் நியூசமைப் பதவியிறக்கக் குடியரசுக் கட்சிக்காரர்கள் மாநிலம் முழுக்க ரீகால் நடத்தினார்களே, அதை இந்த நகரம் 86 சதவீத வாக்குகளோடு உதைத்துத் தள்ளியது. ஐந்தே மாதம் கழித்து, அதே மக்கள், அதே ரீகால் என்னும் கருவியைக் கையிலெடுத்து, அலிசன் காலின்ஸை 76 சதவீதத்தோடும், வாரியத் தலைவர் கேப்ரியேலா லோபஸை 72 சதவீதத்தோடும், ஃபாவுகா மொலிகாவை 69 சதவீதத்தோடும் நீக்கினார்கள். ஐந்து மாதத்தில் ஊரே கட்சி மாறிவிட்டதா? கட்டுரையாளர் நியூசம் வாக்கெடுப்பைப் பற்றி மூச்சே விடவில்லை. விட்டால் கட்டுரை அந்த இடத்திலேயே முடிந்திருக்கும்.

பணம் வந்தது உண்மை. ஆர்தர் ராக் என்ற முதலீட்டாளர் மட்டுமே பல லட்சம் டாலர் கொடுத்தார். மறுப்பதற்கில்லை, பிடிக்கவும் இல்லை. ஆனால் அந்தப் பணம் வருவதற்கு முன்னால் கையெழுத்து இயக்கத்தைத் தொடங்கியது ஆட்டம் லோயன், சிவா ராஜ் என்ற இருவர். ராஜ் இந்தியாவிலிருந்து குடியேறியவர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். வாக்கெடுப்புக்குத் தேவைப்பட்டவை ஒவ்வொரு உறுப்பினருக்கும் 51,325 கையெழுத்துகள். அவை வார இறுதிச் சந்தைகளிலும் நடைபாதைகளிலும் மேசை போட்டுச் சேர்க்கப்பட்டவை. காசு விளம்பரம் வாங்கும். பூட்டிய பள்ளிக்கூடத்துக்கு வெளியே ஒன்றரை வருடம் காத்திருந்த அலுப்பைக் காசு கொடுத்து எவரும் உற்பத்தி செய்ய வேண்டியிருக்கவில்லை.

மூவரும் வெள்ளையரல்லாதவர்கள் என்பது அடுத்த குற்றச்சாட்டு. காலின்ஸ் கறுப்பினத்தவர், லோபஸ் லத்தீனா, மொலிகா சமோவா வம்சாவளி. சரி. ஏழு பேர் வாரியத்தில் ஏன் இந்த மூவர் மட்டும்? மூவரும் 2018இல் தேர்வானவர்கள். மற்ற நால்வரும் 2020 நவம்பரில் வென்று வந்தவர்கள். பதவியேற்ற ஆறு மாதத்துக்குள் யாரையும் ரீகால் செய்ய முடியாது என்பது சட்டம். வரிசையில் நிறுத்தி மூவரை நிறம் பார்த்துப் பொறுக்கியெடுத்ததுபோல் எழுதுவது, நாள்காட்டியைப் பார்த்து இனவெறியன் என்று திட்டுவதற்குச் சமம். (மொலிகா மீது எனக்கும் கொஞ்சம் இரக்கம் உண்டு. மூவரில் குறைவாகச் சத்தம் போட்டவர் அவர். வாக்காளர்களும் அவருக்குத்தான் சற்று அதிகம் இரங்கினார்கள்.)

இனி, இந்தப் புரட்சியாளர்கள் என்னதான் செய்தார்கள் என்று பார்ப்போம்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகள் மூடப்பட்டன. அதில் யாருக்கும் குறை இல்லை. அந்த இலையுதிர் காலத்திலேயே நகரத்தின் தனியார் பள்ளிகள் பலவும் திறக்கத் தொடங்கின. அரசுப் பள்ளிகளில் சின்னக் குழந்தைகளின் வகுப்பறை திறக்க 2021 ஏப்ரல் ஆயிற்று. நடுநிலை, உயர்நிலைப் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஆகஸ்ட் வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொறுமை இழந்த நகர நிர்வாகம் 2021 பிப்ரவரியில் தன் சொந்தப் பள்ளி மாவட்டத்தின் மீதே வழக்குப் போட்டது. ஆசிரியர் சங்கம், காற்றோட்டம், பரிசோதனை என்று ஆயிரம் சிக்கல் இருந்தது. வாரியம் மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சிக்கலை அவிழ்க்க வேண்டிய மாதங்களில் அவர்கள் எதை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் கேள்வி.

44 பள்ளிகளின் பெயர்ப் பலகையை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். மாவட்டத்துப் பள்ளிகளில் மூன்றில் ஒன்று. 2021 ஜனவரி 26 அன்று ஆறுக்கு ஒன்று என்ற வாக்கில் நிறைவேறிய தீர்மானம். வாஷிங்டன், லிங்கன் பெயர்களை எடுப்பதற்கே நான் எதிரி அல்ல. அடிமைகளை வைத்திருந்தவர் பெயரை நீக்க வேண்டும் என்று ஒருவர் வாதாடினால் உட்கார்ந்து கேட்பேன். ஆனால் வாதாட வரலாறு தெரிய வேண்டும். பெயர்களை ஆராய்ந்த குழு வரலாற்றாசிரியர் ஒருவரையும் அழைக்கவில்லை. விக்கிப்பீடியா இணைப்புகளை ஓர் அட்டவணையில் ஒட்டிவைத்து ஆராய்ச்சி என்றார்கள். 1779இல் பால் ரெவியர் பங்கேற்ற பெனாப்ஸ்காட் படையெடுப்பு, பிரிட்டிஷ் படைக்கு எதிராக நடந்தது. பெனாப்ஸ்காட் என்பது ஒரு பூர்வகுடியின் பெயரும்கூட என்பதால், அவர் அந்த மக்களின் நிலத்தைப் பறிக்கப் போனார் என்று குழு முடிவுகட்டி, பெயரை நீக்கச் சொன்னது. ஜேம்ஸ் லிக் இறந்தது 1876இல். அவர் விட்டுப்போன பணத்தில் 1894இல் எழுந்த சிலையில் பூர்வகுடி ஒருவரை இழிவாகக் காட்டியிருந்தார்கள் என்று, அதற்குப் பதினெட்டு வருடம் முன்பே செத்துப்போன மனிதர் தண்டிக்கப்பட்டார். லிங்கன்? 1862இல் டகோட்டா மக்கள் 38 பேரைத் தூக்கிலிட ஒப்புதல் கொடுத்தார் என்பது குற்றம். உண்மைதான், கொடுமைதான். இராணுவ நீதிமன்றம் தூக்கிலிடச் சொன்னது 303 பேரை. மற்றவர்களின் கழுத்திலிருந்து கயிற்றை எடுத்ததும் அதே லிங்கன்தான் என்பது அட்டவணையில் இடம்பெறவில்லை.

கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம். பள்ளிக்கூடக் கதவைத் திறக்க வழி தெரியாதவர்கள், பூட்டிய கதவுக்கு மேலே தொங்கிய பலகையை வைத்துக்கொண்டு வைகுண்ட யாத்திரை போனார்கள். ஏப்ரலில் அந்தத் தீர்மானத்தை அவர்களே ஒருமனதாக ரத்து செய்தார்கள். கட்டுரையாளர் இந்த ரத்தைச் சொல்லவில்லை. வலதுசாரிகளுக்குப் பயந்து பின்வாங்கினார்கள் என்றாவது ஒரு வரி எழுதியிருக்கலாம். அந்த முயற்சிகூட இல்லை.

இதைவிட எனக்கு வயிறெரிந்த விவகாரம் ஒன்று உண்டு. ஜார்ஜ் வாஷிங்டன் உயர்நிலைப் பள்ளியில் விக்டர் ஆர்னாடாஃப் 1936இல் தீட்டிய சுவரோவியத் தொடர் இருக்கிறது. 13 சித்திரங்கள். ஆர்னாடாஃப் மெக்சிகோவில் டியேகோ ரிவேராவிடம் உதவியாளராக இருந்தவர், கம்யூனிஸ்ட், கடைசியில் சோவியத் ஒன்றியத்துக்கே திரும்பிப் போனவர். தேசத் தந்தை என்று எல்லாரும் கும்பிட்ட வாஷிங்டனின் தோட்டத்தில் கறுப்பின அடிமைகள் வேலை செய்வதையும், மேற்கே நடந்துபோகும் குடியேறிகளின் காலடியில் ஒரு பூர்வகுடி பிணமாகக் கிடப்பதையும் வரைந்து, அரசாங்கப் பள்ளியின் சுவரிலேயே அரசாங்கத்தின் முகத்திரையைக் கிழித்தவர். 2019 ஜூனில் வாரியம் அதன் மேல் வெள்ளையடிக்கத் தீர்மானித்தது. செலவு மதிப்பீடு 6,00,000 டாலர். மாணவர் மனம் புண்படுகிறதாம். உலகம் சிரித்ததும், ஆகஸ்டில் வெள்ளையடிக்க வேண்டாம், பலகை வைத்து மூடிவிடலாம் என்று இறங்கிவந்தார்கள். அதையும் பின்னர் நீதிமன்றம் தடுத்தது. ஒரு கம்யூனிஸ்ட் ஓவியன் எண்பது ஆண்டுக்கு முன் துணிந்து சொன்ன உண்மையை ஒரு முற்போக்கு வாரியம் சுண்ணாம்பு பூசி மறைக்கப் பார்த்தது. இதைச் சமூகநீதிக் கணக்கின் எந்தப் பத்தியில் எழுதுவது என்று கட்டுரையாளர் சொன்னால் தெரிந்துகொள்வேன்.

இப்போது லோவல்.

1856இல் தொடங்கிய பள்ளி. அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த ஸ்டீபன் பிரையர் படித்த இடம். அப்போது மாணவர்களில் ஏறக்குறைய பாதி ஆசிய வம்சாவளி. கறுப்பின மாணவர் 2 சதவீதத்துக்கும் குறைவு. இந்த எண்ணைப் பார்த்து வெட்கப்படாதவர் மனிதரல்ல என்பதில் கட்டுரையாளரும் நானும் ஒன்று. அங்கே நடந்த நிறவெறிச் சம்பவங்களும் பொய்யில்லை. 2021 ஜனவரியில், நிறவெறிக்கு எதிரான பாடம் நடந்த இணையப் பலகையிலேயே ஆபாசமும் நிறவெறியும் கொட்டப்பட்டன. கறுப்பின மாணவர்கள் கொதித்தது நியாயம்.

அதற்கு வாரியம் கண்ட மருந்து என்ன? பெருந்தொற்றால் தேர்வும் மதிப்பெண்ணும் இல்லாமல் போனதால் ஓராண்டுக்கு என்று கொண்டுவந்த குலுக்கல் முறையை, 2021 பிப்ரவரி 9 அன்று ஐந்துக்கு இரண்டு வாக்கில் நிரந்தரமாக்கினார்கள்.

கட்டுரையாளர் தெரியாமல் விட்டாரா, தெரிந்தே மறைத்தாரா என்று எனக்குப் புரியாத இடம் இதுதான். பழைய லோவல் சேர்க்கை வெறும் மதிப்பெண் வரிசை அல்ல. 70 சதவீத இடங்கள்தான் மதிப்பெண்ணால் நிரம்பின. 15 சதவீதம், வறுமை போன்ற இடர்களைத் தாண்டி வந்த பிள்ளைகளுக்கு. இன்னொரு 15 சதவீதம், லோவலுக்கு அதிகம் பேரை அனுப்ப முடியாத பள்ளிகளிலிருந்து வருபவர்களுக்கு. ஆக 30 சதவீத இடங்களில் பின்னணி பார்க்கப்பட்டது. இனத்தைப் பார்க்க 1996இல் நிறைவேறிய 209ஆம் முன்மொழிவு தடை விதித்திருக்கும் மாநிலத்தில், இடஒதுக்கீட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று எதையாவது சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும். போதவில்லை என்றால் 30ஐ 50 ஆக்கியிருக்கலாம். நடுநிலைப் பள்ளிகளில் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் போட்டிருக்கலாம். வாரியம் அந்தத் தம்பியையும் சேர்த்தே குழியில் போட்டு மூடியது.

பதிலுக்கு வந்த குலுக்கல், மாவட்டத்தின் மற்ற உயர்நிலைப் பள்ளிகளுக்கு இருந்த அதே முறை. தேர்ச்சி குறைவான பகுதிகளில் வசிப்பவர்களுக்கு அதில் ஒரு முன்னுரிமை இருந்தது, மறைக்கவில்லை. அதற்கும் முந்தைய முன்னுரிமை யாருக்குத் தெரியுமா? அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு. உள்ளே இருப்பவன் வீட்டுக்கே அடுத்த சீட்டு! இந்த ஏற்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு இடஒதுக்கீடு என்ற சொல்லை உச்சரிக்க எப்படி மனம் வந்தது?

தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கான நுழைவுத்தேர்வை ஒழித்தபோது அனந்தகிருஷ்ணன் குழு உட்கார்ந்து ஆராய்ந்தது. பிறகு 2006இல் சட்டமன்றத்தில் சட்டம் வந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவக் கல்வியில் 7.5 சதவீதம் ஒதுக்கும் முன் நீதிபதி கலையரசன் ஆணையம் புள்ளிவிவரம் திரட்டியது. 2020இல் சட்டம் வந்தது. யாருக்கு, எவ்வளவு, ஏன் என்று எழுதிவைத்த பிறகுதான் நீதிமன்றப் படி ஏறினோம். ஒதுக்கிய இடத்துக்குள்ளும் மதிப்பெண் வரிசை உண்டு. பெரம்பலூர்க் கூலித் தொழிலாளியின் மகளுக்கு நாம் சீட்டுக் குலுக்கி மருத்துவ இடம் கொடுக்கவில்லை. சான் பிரான்சிஸ்கோவிலோ, லோவல் தீர்மானத்தின் தலைப்பு அப்பள்ளியில் தொடரும் நிறவெறிக்கு எதிர்வினை என்று மட்டும் சொன்னது. சேர்க்கை முறையே மாறப்போகிறது என்று தலைப்பைப் பார்த்து எந்தப் பெற்றோரும் தெரிந்துகொண்டிருக்க முடியாது. பொது அமைப்புகள் என்ன பேசப்போகின்றன என்பதை மக்களுக்கு முன்கூட்டியே அறிவிக்கச் சொல்லும் பிரவுன் சட்டம் கலிபோர்னியாவில் 1953 முதல் இருக்கிறது. அதை மீறிவிட்டார்கள் என்று 2021 நவம்பரில் நீதிபதி தீர்ப்பளித்தார். சமூகநீதியை இவர்கள் பின்வாசல் வழியாகக் கொண்டுவர வேண்டிய அவசியம் என்ன? முன்வாசலில் பெற்றோர்கள் நின்றார்கள் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

அதே பிப்ரவரி 9 கூட்டத்தில் இன்னொன்றும் நடந்தது. பெற்றோர் ஆலோசனைக் குழுவில் காலியாக இருந்த இடத்துக்கு, ஊதியமில்லாத இடத்துக்கு, தன்பாலீர்ப்பாளரான ஒரு தகப்பன் முன்வந்தார். குழுவில் இருந்தவர்கள் அனைவரும் பெண்கள். அந்தத் தகப்பன் வெள்ளையர் என்பதால் அவரைச் சேர்க்கலாமா என்று இரண்டு மணி நேரம் விவாதித்தார்கள். சேர்க்கவில்லை. அன்று பள்ளிகள் பூட்டித்தான் இருந்தன.

மதிப்பெண் மோகத்தில் மயங்கிய ஆசியப் பெற்றோர் என்ற வசைக்கு வருகிறேன். எனக்குப் பொறுக்காதது இதுதான்.

சீனப் பெற்றோருக்கும் இந்த வாரியத்துக்கும் உள்ள வழக்கு ஃபேஸ்புக் காலத்தது அல்ல. 1884இல் மேமி டேப் என்ற எட்டு வயதுச் சிறுமியை, சீனக் குழந்தை என்பதால் ஸ்பிரிங் வேலி பள்ளியில் சேர்க்க மறுத்தார்கள். பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 1885இல் மாநில உச்ச நீதிமன்றம் அவளுக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. உடனே தனிப் பள்ளிக்கு வழிசெய்யும் சட்டத்தைக் கொண்டுவரச் செய்து, சீனக் குழந்தைகளை அங்கே ஒதுக்கினார்கள். 1906 நிலநடுக்கம் முடிந்த சில மாதத்தில் ஜப்பானியக் குழந்தைகளையும் கீழ்த்திசையினர் பள்ளிக்குப் போகச் சொன்னது இதே வாரியம். அதிபர் ரூஸ்வெல்ட் தலையிட வேண்டிவந்த ராஜதந்திரச் சிக்கலாயிற்று. ஆங்கிலம் புரியாத சீனப் பிள்ளைகள் சுமார் 1,800 பேரை எந்த உதவியும் இல்லாமல் வகுப்பில் உட்காரவைத்திருந்த வழக்கில், 1974இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் லாவ் எதிர் நிக்கல்ஸ் என்ற தீர்ப்பை வழங்கியது. இன்று அந்த நாடு முழுக்கக் குடியேறிகளின் பிள்ளைகள், நம் பிள்ளைகள் உட்பட, பள்ளியில் மொழி உதவி பெறுவதற்கு அடிப்படை அந்தத் தீர்ப்பு. 1994இல் இன்னொரு வழக்கு: எந்த இனமும் வரம்பை மீறக்கூடாது என்ற 1983 உடன்பாட்டின் கீழ், லோவலில் சேரச் சீனப் பிள்ளைகள் மற்ற எல்லாரையும்விட அதிக மதிப்பெண் எடுக்க வேண்டியிருந்தது. 1999இல் சமரசம் ஆனது.

நூற்று முப்பத்தைந்து வருடமாக ஒரு வாரியத்தோடு நீதிமன்றப் படியேறிய சமூகத்துக்கு, அந்த வாரியம் என்ன செய்கிறது என்பது புரியாமல் போய்விட்டது, கட்டுரையாளருக்குப் புரிந்துவிட்டது!

போதாக்குறைக்குக் காலின்ஸின் 2016 ட்விட்டர் பதிவுகள் 2021 மார்ச்சில் வெளியே வந்தன. ஆசிய அமெரிக்கர்கள் முன்னேறுவதற்காக வெள்ளை மேலாதிக்கச் சிந்தனையைப் பயன்படுத்துகிறார்கள் என்று எழுதியிருந்தார். எசமான் வீட்டு அடிமையைக் குறிக்கும் வசைச்சொல்லால் அவர்களைச் சுட்டியிருந்தார். சக உறுப்பினர்கள் துணைத்தலைவர் பதவியைப் பறித்ததும், அந்த ஐவர் மீதும் மாவட்டத்தின் மீதும் 87 மில்லியன் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். பள்ளி மாவட்டம் அப்போது 125 மில்லியன் டாலர் பற்றாக்குறையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. வழக்கு தள்ளுபடியானது. லோவலில் படிக்கும் சீனப் பிள்ளைகளில் கணிசமானோர் இலவச மதிய உணவுக்குத் தகுதிபெறும் வீடுகளிலிருந்து வருபவர்கள்: உணவகச் சமையல்காரர்களின், துப்புரவுத் தொழிலாளர்களின் மக்கள். அவர்களைப் பார்த்து எசமான் வீட்டு ஆள் என்று சொன்னவரைத்தான் நம் கட்டுரையாளர் தியாகி ஆக்கியிருக்கிறார்.

வாக்களித்தவர்கள் வெறும் 36 சதவீதம் என்கிறார். நடுக் குளிர்காலத்தில், பள்ளி வாரியத்துக்காக ஏறத்தாழ 1,80,000 பேர் வாக்களித்தார்கள். போதும்.

அடிபட வேண்டிய இன்னொரு சொல் இருக்கிறது. குடியேறிப் பெற்றோருக்கு உள்ளூர் அரசியலின் நுணுக்கம் தெரியாது, யாரோ சொன்னதைக் கேட்டு வாக்களித்தார்கள் என்கிறார். குடியுரிமை இல்லாத பெற்றோரும் பள்ளி வாரியத் தேர்தலில் வாக்களிக்கலாம் என்று 2016இல் சட்டம் இயற்றியது இந்த நகரம். இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை நிறைவேறிய முன்மொழிவு. அதற்காகப் பாடுபட்டவர்கள் முற்போக்காளர்கள். பிள்ளையைப் பெற்றவனுக்குப் பள்ளியைப் பற்றிப் பேச உரிமை வேண்டும், அதற்குப் பாஸ்போர்ட்டின் நிறம் எதற்கு என்பது அவர்கள் வாதம். அருமையான வாதம். 2022இல் ஒரு நீதிபதி அந்தச் சட்டத்தைச் செல்லாது என்றார். 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லும் என்றது. அப்படி வாக்களித்தவர்கள் மிகச் சிலர்தான், முடிவு அவர்களால் மாறவில்லை. ஆனால் குடியேறிக்கு வாக்கு வேண்டும் என்று மேடை ஏறிப் பேசிவிட்டு, அவன் நமக்குப் பிடிக்காத கட்டத்தில் மை வைத்ததும் ஒன்றும் தெரியாத அப்பாவி என்பதற்குப் பெயர் என்ன?

கடைசியாக ஒன்று. இந்த ரீகாலால் ஆசியப் பெற்றோரின் இனவாதம் வென்றது என்றால், அதற்கு அடுத்த தேர்தல் என்ன சொல்கிறது? காலியான மூன்று இடங்களுக்கு அப்போதைய மேயர் லண்டன் பிரீட் நியமித்தவர்களில் ஒருவர் ஆன் ஷூ. சீனக் குடியேறி, ரீகாலுக்காகச் சீன வாக்காளர்களைத் திரட்டியவர்களில் முன்வரிசைக்காரர். 2022 கோடையில் வேட்பாளர் கேள்விப் படிவம் ஒன்றில், கறுப்பின, லத்தீனோ மாணவர்கள் பின்தங்குவதற்குக் குடும்ப ஆதரவின்மையைக் காரணமாக எழுதினார். ஊர் கொந்தளித்தது. மன்னிப்புக் கேட்டார். நவம்பரில் அதே நகரம், அதே வாக்காளர்கள், அவரையும் தோற்கடித்தார்கள். அவரோடு நியமிக்கப்பட்ட மற்ற இருவரும் வென்றார்கள். அவர் இடத்துக்கு வந்த அலிடா ஃபிஷர் ரீகால் அணியைச் சேர்ந்தவர் அல்ல.

கட்டுரை பிப்ரவரியோடு நின்றுவிடுகிறது. நவம்பரைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.